‘ஃப்ரீ’ அறை என்றால் காலியா, இலவசமா? பல பொருள் ஆங்கிலச் சொற்களைப் பிரெஞ்சுக்குக் கொண்டுபோகும் வழி

பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் எனக்குக் கிடைத்த முதல் கூலி வேலை, லியோன் நகரத்துச் சின்ன ஹோட்டல் ஒன்றின் இணையதளம். ஒரு எக்செல் கோப்பு வந்தது. இடது பக்கம் ஆங்கிலம், வலது பக்கம் நான் நிரப்ப வேண்டிய வெற்றுக் கட்டங்கள். ஒரு கட்டத்தில் ‘ஃப்ரீ ரூம்ஸ்’ என்று மட்டும் இருந்தது. யோசிக்கவே இல்லை. ‘ஷாம்ப்ர் கிராத்துயித்’ என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: “எங்களிடம் 12 அறைகள் இலவசம் என்று தளம் சொல்கிறதே, வாடகையை நீங்கள் கட்டுகிறீர்களா?”

காலியாக இருக்கும் அறைகளின் எண்ணிக்கையைக் காட்டும் இடம் அது. வந்திருக்க வேண்டியது ‘ஷாம்ப்ர் லீப்ர்’.

கோப்பு முழுவதையும் முதலிலிருந்து திரும்பச் செய்தேன். அப்போது கைக்கு வந்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். உதாரணங்களும் அந்தக் கோப்பிலிருந்தே. ஓரளவு பிரெஞ்சு படித்தவர்களுக்கு இது. வினைத் திரிபு, ஆண்பால் பெண்பால் கதையெல்லாம் இங்கே இல்லை. பிரெஞ்சுச் சொற்களைக் காதில் விழுகிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன், எழுத்துக்கூட்டலை அகராதியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 1: தனிச்சொல்லைத் தொடாதீர்கள்

கட்டத்தில் ஒற்றைச் சொல் இருந்தால், அது எந்தத் திரையில், எதற்குப் பக்கத்தில் வருகிறது என்று தெரியும்வரை கைவைக்க வேண்டாம். ஹோட்டல் கோப்பில் ‘புக்’ என்பது அறையை முன்பதிவு செய்யும் பொத்தான், அதாவது ‘ரெஸெர்வே’. படிக்கிற புத்தகமான ‘லீவ்ர்’ இல்லை. ‘சிங்கிள்’ ஒருவர் தங்கும் அறை. ‘செலிபத்தேர்’ என்று எழுதினால் அறைக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று பொருள். ‘ரேட்’ மேல் வரியில் கட்டணம், ‘தரீஃப்’. பத்து வரி தள்ளி அதே ‘ரேட்’, தங்கிப் போனவர் மதிப்பெண் போடும் இடம்.

வேலை கொடுத்தவரிடம் ஸ்கிரீன்ஷாட் கேளுங்கள். கூச்சப்பட்டுத்தான் நான் கேட்காமல் விட்டேன். இப்போதெல்லாம் ஸ்கிரீன்ஷாட் வராமல் வேலையைத் தொடுவதே இல்லை.

படி 2: தமிழில் சொல்லிப் பாருங்கள்

பலர் ஆங்கிலத்திலிருந்து நேரே பிரெஞ்சுக்குத் தாவுகிறார்கள். நமக்கு அது தேவையில்லை. ஆங்கிலம் ஒரே மூட்டையில் கட்டியதைத் தமிழ் ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கும். வாக்கியத்தை வாய்விட்டுத் தமிழில் சொல்லுங்கள், எந்தச் சொல் வருகிறது என்று கவனியுங்கள்.

‘டைம்’ என்பதை எடுத்துக்கொள்வோம். ‘லியோனுக்கு இதுதான் முதல் தடவையா?’ தடவை என்றால் ‘ஃபுவா’. ‘உங்களுக்கு நேரம் இருந்தால்’ என்பதில் வரும் நேரம் ‘தாம்’. ‘ரோமானியர் காலத்தில்’ என்றால் ‘எபோக்’ (லியோன் கி.மு. 43இல் லுக்துனும் என்ற பெயரில் உருவான ரோமானிய ஊர், அதனால் இந்தச் சொல் அந்தக் கோப்பில் அடிக்கடி வந்தது). ‘எத்தனை மணிக்கு’ என்றால் ‘எர்’.

கடைசியில் ஒரு சிக்கல் இருக்கிறது. ‘செக்-இன் டைம்’ என்பதையும் நாம் நேரம் என்றுதான் சொல்வோம், ஆனால் அங்கே ‘தாம்’ வராது. ‘எத்தனை மணிக்கு?’ என்று கேள்வி கேட்டுப் பாருங்கள். பொருந்தினால் ‘எர்’. அப்புறம், ‘ஹேவ் எ குட் டைம்’ என்பதைத் தமிழில் ‘நல்ல நேரம்’ என்று யாரும் சொல்வதில்லை, அது காலண்டரில் ராகு காலத்துக்குப் பக்கத்தில் இருப்பது. ஹோட்டல்காரர் சொல்வது ‘போன் செழூர்’, நன்றாகத் தங்கிச் செல்லுங்கள் என்று.

‘லைட்’ இன்னும் சுலபம். டிசம்பர் 8ஐ ஒட்டி லியோனில் நடக்கும் விளக்குத் திருவிழாவில் அது ‘லுமியேர்’. லேசான காலை உணவு ‘லெழே’. வெளிர் நீலத் திரைச்சீலை ‘க்ளேர்’. விளக்கு, லேசு, வெளிர் என்று தமிழே மூன்றாகப் பிரித்துவிட்டது.

‘யூ’ பற்றி ஒரு வார்த்தை. நீ என்றால் ‘து’, நீங்கள் என்றால் ‘வூ’ என்று பெரும்பாலும் நேராகப் பொருந்தும். ஆனால் நம் வீடுகளில் பாட்டியை நீங்கள் என்று அழைக்கிற பேரன், பிரெஞ்சு வீட்டில் பாட்டியை ‘து’ என்றுதான் பொதுவாக அழைப்பான். அங்கே மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

படி 3: சொல் பிரிக்கவில்லையா, உருபைப் பாருங்கள்

நான் மாதக்கணக்கில் தடுக்கி விழுந்த இடம் இது, கொஞ்சம் நின்று போகலாம்.

‘நோ’, அதாவது அறிதல். பிரெஞ்சில் இதற்கு ‘சவ்வார்’, ‘கொனேத்ர்’ என்று இரண்டு வினைகள். தமிழில் எல்லாவற்றுக்கும் ‘தெரியும்’ ஒன்றுதான். ‘சவ்வார் அறிவுக்கு, கொனேத்ர் பழக்கத்துக்கு’ என்று பாடப்புத்தகம் சொல்லும். எழுத உட்கார்ந்தால் அது உதவாது.

ஒரு நாள் மூன்று வரிகளைத் தமிழில் எழுதி வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன். ‘எனக்கு அவரைத் தெரியும்.’ ‘எனக்கு நீந்தத் தெரியும்.’ ‘அவர் வருவார் என்று எனக்குத் தெரியும்.’ வினை ஒன்றுதான், ஆனால் அதற்கு முன்னால் இருப்பதைப் பாருங்கள். ‘அவரை’ என்று ஆளுக்கோ ஊருக்கோ ‘ஐ’ ஏறி நின்றால் ‘கொனேத்ர்’. ‘நீந்த’ என்று செயவென் எச்சமோ, ‘என்று’ என்பதோ, ‘எங்கே, எப்போது’ போன்ற கேள்வியோ வந்தால் ‘சவ்வார்’. சொல் செய்யாத வேலையை அதற்கு முன்னால் நிற்பது செய்துவிடுகிறது! ஊர்ப்பெயரில் சில சமயம் ‘ஐ’ மறைந்திருக்கும். ‘உங்களுக்கு லியோன் தெரியுமா?’ என்பதில் ‘லியோனை’ என்று போட்டுப் பாருங்கள், ஏறினால் ‘கொனேத்ர்’தான். ‘பதில் தெரியும்’ போன்ற சில இடங்களில் பிரெஞ்சில் இரண்டுமே நடக்கும், அங்கே மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்து ‘மிஸ்’. ‘ஃபூர்வியேர் குன்றிலிருந்து தெரியும் காட்சியைத் தவறவிடாதீர்கள்’ என்ற வரியில் சிக்கல் இல்லை, ‘ந மான்கே பா’. வழியனுப்பும் பக்கத்தில் ‘வீ வில் மிஸ் யூ’ என்று இருந்தது. எழுவாய் ‘வீ’, செயப்படுபொருள் ‘யூ’ என்று ஆங்கில வரிசையிலேயே எழுதினேன். பிரெஞ்சில் அது தலைகீழாகிவிட்டது. ‘நாங்கள் இல்லாமல் நீங்கள் ஏங்கிப்போவீர்கள்’ என்று ஹோட்டல் தன்னைத்தானே புகழ்ந்துகொண்டது.

சரியான வரி ‘வூ ஸாலே நூ மான்கே’. சொல்லுக்குச் சொல் பார்த்தால், ‘நீங்கள் எங்களுக்குக் குறையப் போகிறீர்கள்’. இல்லாதவர் எழுவாய், ஏங்குகிறவர் ‘கு’ உருபில். ஆங்கிலம் வழியாகப் பிரெஞ்சு படிப்பவர்களுக்கு இது பெரிய தலைவலி. நமக்கு ஏன் தலைவலி? ‘எனக்குப் பிடிக்கும்’, ‘எனக்குப் பசிக்கிறது’, ‘எனக்கு நீ இல்லாதது குறையாக இருக்கிறது’ என்று பேசுகிறவர்கள்தானே நாம். ஆங்கில வரிசையை மறந்துவிட்டு ‘எனக்கு’ என்று தொடங்குங்கள், ‘மான்கே’ தானாக விழும்.

படி 4: போ, வா, விடு

‘லீவ்’ (நம் ஊர் லீவு அல்ல, அது ‘கோன்ழே’) அந்தக் கோப்பில் மூன்று முறை வந்தது. சாவியை வரவேற்பில் விட்டுச் செல்லுங்கள் என்பதற்கு ‘லெஸ்ஸே’. சீக்கிரமே கிளம்புகிறீர்களா என்பதற்கு ‘பர்த்தீர்’. 11 மணிக்குள் அறையைக் காலி செய்யுங்கள் என்பதற்கு ஹோட்டல்கள் போடும் சொல் ‘லிபெரே’. காலி அறை ‘லீப்ர்’, காலி செய்வது ‘லிபெரே’. முதல் நாள் என்னைக் கவிழ்த்த சொல்லின் உறவுக்காரன். தமிழும் இரண்டு இடத்திலும் ‘காலி’ என்றே சொல்வதைப் பார்த்தபோது, அன்றே தமிழில் யோசித்திருக்கலாமே என்று தோன்றியது.

‘கித்தே’ என்று நான்காவது ஒன்று உண்டு. ‘லியோனை விட்டு’ என்றால் ‘கித்தே லியோன்’, ‘லியோனிலிருந்து கிளம்பு’ என்றால் ‘பர்த்தீர் த லியோன்’. ‘கித்தே’ பொதுவாக ஒரு பொருளையோ இடத்தையோ ஆளையோ பிடித்துக்கொண்டுதான் நிற்கும். விதிவிலக்கு போனில் கேட்கும் ‘ந கித்தே பா’, இணைப்பிலேயே இருங்கள்.

‘ரிட்டர்ன்’ இதே கதை. சாவியைத் திருப்பிக் கொடு, ‘ராந்த்ர்’. இரவு அறைக்குத் திரும்பு, ‘ராந்த்ரே’. திரும்பிப் போ, ‘ரத்தூர்னே’. திரும்பி வா, ‘ரவ்னீர்’. ‘மீண்டும் வருவீர்கள் என்று நம்புகிறோம்’ என்ற வரிக்கு, ஓசை ஒத்துப்போகிறது என்பதற்காக ‘ரத்தூர்னே’ போட்டிருந்தேன். வீட்டு வாசலில் நின்று ‘மறுபடி அங்கே போங்கள்’ என்று விருந்தினரிடம் சொன்னதுபோல ஆகிவிட்டது.

படி 5: அகராதியில் திரும்பி நடங்கள்

தேர்ந்தெடுத்த பிரெஞ்சுச் சொல்லை எதிர்த்திசையில் தேடுங்கள். ஹோட்டலின் ‘லொகேஷன்’ அருமை என்பதற்கு அதே எழுத்துள்ள ‘லொகாசியோன்’ போட்டுத் திருப்பிப் பார்த்தால் ‘வாடகைக்கு விடுதல்’ என்று வரும். வேண்டியது ‘ஆம்ப்ளாஸ்மான்’. இந்த ஒரு பழக்கம் என்னைப் பத்துப் பதினைந்து அவமானங்களிலிருந்து காப்பாற்றியிருக்கிறது.

கருவிகளில் என் முதல் தேர்வு வேர்ட்ரெஃபரென்ஸ் என்ற இணைய அகராதி. ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் சின்ன விளக்கம் இருப்பதால் எந்த ‘ஃப்ரீ’ என்று உடனே தெரிந்துவிடும். லிங்வீ என்ற தளத்தில் பல இடங்களிலிருந்து எடுத்த இருமொழி வாக்கியங்கள் கிடைக்கும், எந்தப் பெயர்ச்சொல்லோடு எது சேரும் என்று பார்க்க நல்லது (‘ஹெவி’ போக்குவரத்துக்குப் பிரெஞ்சில் ‘தான்ஸ்’, அடர்த்தி). ஆனால் அங்கே இருக்கும் வாக்கியங்களே யாரோ அவசரத்தில் மொழிபெயர்த்தவையாக இருக்கலாம், வாக்கியம் எந்தத் தளத்திலிருந்து வந்தது என்று பார்த்து நம்புங்கள். சந்தேகம் தீராவிட்டால் 1971 முதல் 1994 வரை 16 தொகுதிகளாக வந்த ‘த்ரெஸோர்’ பேரகராதி இணையத்தில் இலவசம். இயந்திர மொழிபெயர்ப்பைக் கடைசியில்தான் திறப்பேன். முதலிலேயே பார்த்தால் அது சொன்னதிலிருந்து மனசு நகர மாட்டேன் என்கிறது.

படி 6: இடத்தைப் பாருங்கள்

அகராதிக்கும் தெரியாதது ஒன்று உண்டு: ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்பது. ‘ரிவர் வ்யூ’ என்று ஒரு வரி. கடலில் போய்ச் சேரும் ஆறு ‘ஃப்ளேவ்’, இன்னொரு ஆற்றில் கலப்பது ‘ரிவியேர்’. காவிரி ‘ஃப்ளேவ்’, பவானி ‘ரிவியேர்’. லியோனில் இரண்டுமே ஓடுகின்றன: ரோன் நேராகக் கடலுக்குப் போகிறது, சோன் அந்த ஊரிலேயே ரோனில் கலக்கிறது. வரைபடத்தில் ஹோட்டலைத் தேடிப் பிடித்தேன். சோன் கரை. ‘ரிவியேர்’ என்று எழுதினேன்.

‘ஃபர்ஸ்ட் ஃப்ளோர்’ வந்தால் எழுதியவர் பிரிட்டிஷாரா அமெரிக்கரா என்று கேளுங்கள். அமெரிக்கருக்கு அது தரைத்தளம், ‘ரே த ஷோஸே’. யாருக்காக எழுதுகிறோம் என்பதும் முக்கியம். பிரான்ஸில் ‘தினே’ இரவுச் சாப்பாடு, கனடாவின் கியூபெக்கில் மதியச் சாப்பாடு. கியூபெக்கின் மொந்த்ரேயால் நகரத்து ஹோட்டலுக்கு பாரிஸ் பிரெஞ்சில் எழுதினால் விருந்தினர் பன்னிரண்டு மணிக்கே தட்டோடு வந்து நிற்பார்.

பின்சேர்க்கை 1: ‘நியூ’ பற்றி ஒருவர் கேட்டிருந்தார். படி 2 போதும். புத்தம் புதுசு என்றால் ‘நெஃப்’. எனக்குப் புதுசு, ஆனால் பழைய கார்தான் என்றால் ‘நூவெல்’, அதுவும் பெயர்ச்சொல்லுக்கு முன்னால்.

பின்சேர்க்கை 2: பால் பற்றிப் பேச மாட்டேன் என்று மேலே சொன்னது தப்பாகிவிட்டது. ஒரு வாசகர் ‘சிட்டி டூர்’ என்பதற்கு ‘லா தூர் த லா வீல்’ என்று எழுதியிருக்கிறார். ‘ல தூர்’ ஆண்பால், சுற்று. ‘லா தூர்’ பெண்பால், கோபுரம். ஊர் சுற்றிப் பார்க்கப் பணம் கட்டியவரைக் கோபுரத்தடியில் நிறுத்திவிட்டார். ‘விஸீத் கிதே’ என்று மாற்றச் சொல்லியிருக்கிறேன், அதில் இந்தத் தொல்லையே இல்லை.