நாண் ஏற்றும் நேரம்: குறுக்குவில் வீரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மொரீஷியஸில் இரவு பத்தரை மணி என்றால் பாரிஸில் கோடையில் எட்டரை, குளிர்காலத்தில் ஏழரை. ஐரோப்பாக்காரர்கள் சாப்பிட்டு முடித்து ஆட வந்து உட்காரும் நேரம் அது. சர்வர்கள் நிரம்புவதும் அப்போதுதான். ரோஸ் ஹில்லில் நான், காத்ர் போர்னில் என் அண்ணன் மகன், ரியூனியன் தீவின் சேந்த் அந்த்ரேயில் அத்தை பேரன் என்று மூன்று பேரும் அந்த நேரத்துக்காகக் காத்திருந்து 'சிவல்ரி 2' என்ற இணையப் போர் விளையாட்டை ஆடுகிறோம். மூவருமே வாள்காரர்களாகத்தான் தொடங்கினோம். இப்போது மூவரும் குறுக்குவில்காரர்கள், அதாவது நாணைக் கொண்டியில் மாட்டிவைத்து விசையால் எய்யும் வில்லை எடுத்தவர்கள்.

காரணம் பிங், அதாவது நம் வீட்டிலிருந்து சர்வருக்குச் செய்தி போய்த் திரும்ப ஆகும் நேரம். என் வீட்டிலிருந்து ஐரோப்பிய சர்வருக்கு 200 மில்லிசெகண்டுக்குக் குறைந்து நான் பார்த்ததில்லை. எதிரி வாளை ஓங்குவது என் திரையில் தெரியும்போது சர்வரில் அது பாதி தூரம் இறங்கியிருக்கும். வாளைத் தடுக்கும் விளையாட்டில் இது பெரிய இழப்பு. குறுக்குவில்லில் அந்த இழப்பு குறைவு, ஏனென்றால் அங்கே கை வேகத்தைவிடப் பொறுமைக்கு மதிப்பு அதிகம். தீவுகளில் இருந்து ஆடும் நம் பிள்ளைகள் பலர் இதனால்தான் பிரெஞ்சு மெனுவில் 'அர்பலேத்' என்று இருக்கும் இந்த ஆயுதத்துக்கு வருகிறார்கள். வந்தவுடன் எல்லோரும் ஏறக்குறைய ஒரே தவறுகளைச் செய்கிறார்கள். நானும் மாதக்கணக்கில் செய்தேன்.

ஆட்டத்தைப் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இரண்டு வரி. 'சிவல்ரி 2' கனடாவின் டோரன்டோவில் உள்ள டார்ன் பேனர் நிறுவனம் உருவாக்கி 2021 ஜூனில் வெளிவந்தது. அகதா, மேசன் என்று இரண்டு படைகள், ஒரே களத்தில் 64 பேர் வரை. வில்லாளி, வேன்கார்டு, ஃபுட்மேன், நைட் என்று நான்கு வகுப்புகள். வில்லாளிக்குள் நெடுவில், குறுக்குவில், எறியாயுதம் என்று மூன்று பிரிவு. நான்கு வகுப்புகளில் உயிர் அளவு மிகக் குறைவாக இருப்பது வில்லாளிக்குத்தான். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் இதிலிருந்தே வரும்.

முதல் தவறு, அம்பு ஏறியதுமே எய்துவிடுவது. நெடுவில் ஆடிப் பழகியவர்களிடம் இதை அதிகம் பார்க்கிறேன். வில்லை இழுத்துப் பிடித்தபடி நீண்ட நேரம் நிற்க முடியாது, கை நடுங்கும். 2010இல் வந்த 'மவுன்ட் அண்ட் பிளேடு: வார்பேண்டு' ஆட்டத்தில் இது அழகாகத் தெரியும்: வில்லை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருந்தால் குறி விரிந்துபோகும். குறுக்குவில்லில் நாணைப் பிடித்திருப்பது கொண்டி, நம் கை இல்லை. ஏற்றிவிட்டால் எவ்வளவு நேரமும் அப்படியே காத்திருக்கலாம். இந்த ஆயுதத்துக்கு இருக்கும் ஒரே பெரிய வரம் அதுதான். அதை ஒரு வினாடியில் தூக்கி எறிந்துவிட்டு, அடுத்த அம்பை ஏற்றும் நேரம் முழுக்க வெறுங்கையாக நிற்கிறோம்.

அப்படியானால் எதற்காகக் காத்திருப்பது? எதிரி தன் வேலையில் முழுதாக இறங்கும் கணத்துக்காக. ஏணியில் ஏறுகிறவன் பக்கவாட்டில் விலக முடியாது. கோட்டைக் கதவை உடைக்கும் இடிமர வண்டியைத் தள்ளுகிறவன் வண்டியின் வேகத்தில்தான் நகர்வான். கீழே விழுந்த தோழனைத் தூக்கிவிடக் குனிந்தவன் அசையாமல் இருப்பான். கோடரியை இரண்டு கையாலும் ஓங்கியவன் உங்களைப் பார்க்கவே மாட்டான். திறந்த வெளியில் வளைந்து வளைந்து ஓடுகிறவனை விட்டுவிடுங்கள். அவன் எப்படியும் ஓரிடத்தில் நிற்பான்.

இரண்டாவது தவறைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் பேர் சாவது அதனால்தான். அம்பை எங்கே நின்று ஏற்றுகிறோம் என்பதை யாரும் யோசிப்பதில்லை. எய்த இடத்திலேயே, எய்த வாக்கிலேயே நின்று ஏற்றுகிறார்கள்.

வரலாற்றில் இதற்கு ஒரு கொடிய பாடம் உண்டு. 1346 ஆகஸ்டு 26, பிரான்ஸில் கிரேசி என்ற ஊர். பிரெஞ்சு மன்னரின் படையில் கூலிக்கு வந்த ஜெனோவா குறுக்குவில் வீரர்கள் முன்னணியில் நிறுத்தப்பட்டார்கள். இந்த வீரர்கள் 'பவீஸ்' எனப்படும் ஆள் உயரக் கேடயத்தைத் தரையில் ஊன்றி, அதன் மறைவில் நாண் ஏற்றிப் பழகியவர்கள். அன்று நாள் முழுக்க நடந்து வந்த களைப்பு, நடுவில் மழை, கேடயங்களோ பின்னால் சாமான் வண்டிகளில். அப்படியே போருக்கு அனுப்பிவிட்டார்கள். எதிரே இங்கிலாந்தின் நெடுவில்லாளிகள். ஜெனோவா வீரர்கள் ஓர் அம்பை ஏற்றி முடிப்பதற்குள் அங்கிருந்து பல அம்புகள் வந்தன. பின்வாங்கி ஓடியவர்களை அவர்கள் பக்கத்துக் குதிரைவீரர்களே மிதித்துக்கொண்டு முன்னேறினார்கள். திறமையில் குறைந்தவர்கள் அல்ல அவர்கள். ஏற்றும்போது ஒளிந்துகொள்ள இடம் இல்லை, அவ்வளவுதான்.

2012இல் வந்த முதல் 'சிவல்ரி'யில் குறுக்குவில்காரர் அந்த பவீஸ் கேடயத்தையே எடுத்துவந்து ஊன்றலாம். கேடயம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பழக்கம் ஒன்றுதான்: எய்யும் இடம் வேறு, ஏற்றும் இடம் வேறு. ஒரு தூண், ஒரு வண்டி, கோட்டைச் சுவரின் ஓர் இடுக்கு போதும். மறைவில் ஏற்று, ஓரடி வெளியே வா, எய், ஓரடி உள்ளே போ. வெளியே நிற்கும் நேரத்தை வாய்விட்டு எண்ணிப் பழகுங்கள். இரண்டு எண்ணுவதற்குள் எய்ய முடியவில்லை என்றால் எய்யாமலே உள்ளே போய்விடுங்கள், அம்பு வில்லிலேயே இருக்கும். அப்புறம், ஒரே இடுக்கிலிருந்து மூன்றாம் முறை எட்டிப் பார்க்காதீர்கள். இரண்டு முறை அடிபட்டவன் அங்கேதான் குறிவைத்துக் காத்திருப்பான்.

வார்பேண்டில் இது இன்னும் கடினம். நின்ற இடத்தில் நின்றுதான் ஏற்ற வேண்டும். அங்கே ஒரு நல்ல வழி இருக்கிறது: முதுகில் ஒரு கேடயத்தை மாட்டிக்கொள்ளலாம், முதுகுப்பக்கம் வரும் அம்பை அது உண்மையாகவே தடுக்கும். ஆகவே ஏற்றும்போது எதிரி வில்லாளிக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்ளுங்கள். பார்க்க விசித்திரமாக இருக்கும், ஆனால் பலமுறை உயிர் காத்திருக்கிறது.

மூன்றாவது, சொந்த ஆளைச் சுடுவது. இந்த ஆட்டங்களில் நம் அம்பு நம் ஆளையும் காயப்படுத்தும். போன காவடித் திருவிழாவுக்கு முந்தைய வாரம் என்று நினைக்கிறேன், நான் ஒரு பாலத்தில் ஒரு நைட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். இன்னும் ஓர் அடி போதும், அவன் விழுவான். பின்மண்டையில் 'டக்' என்று ஓர் அம்பு. விழுந்தது நான். காதில் அண்ணன் மகன் குரல்: "ஐயோ சித்தப்பா, நான் அவனைத்தான் பார்த்தேன், நீங்க நடுவுல வந்துட்டீங்க." நான் நடுவில் வரவில்லை, சண்டை நகர்ந்தது. ஒருவரோடு ஒருவர் மோதும் இரண்டு பேர் ஒரு வினாடிகூட ஒரே கோட்டில் நிற்கமாட்டார்கள். நாம் பார்க்கும் நேரத்துக்கும் அம்பு போய்ச் சேரும் நேரத்துக்கும் நடுவில் அவர்கள் இடம் மாறிவிடுவார்கள்.

அன்றிரவே இதைப் பேசி ஒரு முறை வைத்துக்கொண்டோம். மோதிக்கொண்டிருக்கிற ஜோடியை எய்வதில்லை. அந்த ஜோடியை நோக்கி இரண்டாவதாக ஓடிவரும் எதிரியைத்தான் எய்வது. தோழனின் ஒற்றைச் சண்டை இரட்டைச் சண்டையாகாமல் பார்த்துக்கொள்வதே குறுக்குவில்காரன் அவனுக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி. கட்டாயம் ஜோடியை எய்தே ஆகவேண்டுமென்றால், அணிக்குப் பின்னால் நிற்காமல் பக்கவாட்டில் பத்தடி நகருங்கள். பின்னாலிருந்து பார்த்தால் தோழனின் முதுகுதான் தெரியும். பக்கத்திலிருந்து பார்த்தால் எதிரியின் முழு உடம்பும் தெரியும்.

பக்கவாட்டு நகர்வில் இன்னொரு லாபம், கேடயம். நேரே கேடயத்தைத் தூக்கிப்பிடித்து வருகிறவன் மேல் எய்வது வீண். அவன் வேறொருவன் பக்கம் திரும்பட்டும், விலா தெரியும்.

பிங்கைப் பற்றிக் கொஞ்சம் கணக்கு. ஓடுகிற ஆள் வினாடிக்கு 5 மீட்டர் போகிறான் என்று வைத்துக்கொள்வோம். 200 மில்லிசெகண்டில் ஒரு மீட்டர் நகர்ந்திருப்பான். அதாவது ஓர் உடம்பின் அகலத்துக்கும் மேல். அம்பு பறக்கும் நேரம் இதன்மேல் தனி. அந்த ஒரு மீட்டரை எல்லா ஆட்டங்களும் ஒரே மாதிரி ஈடுகட்டுவதில்லை. ஆகவே ஐரோப்பாவில் இருப்பவர் பதிவிட்ட வீடியோவைப் பார்த்து "இவ்வளவு முன்னால் குறிவைக்க வேண்டும்" என்று பழகினால் நம் வீட்டில் அது பொருந்தாது. உங்கள் இணைப்பில், உங்கள் சர்வரில், குறுக்காக ஓடுகிறவர்கள்மேல் இருபது முப்பது அம்பு எய்து, எந்தப் பக்கம் தவறுகிறது என்று நீங்களேதான் பார்க்க வேண்டும். எப்போதும் முதுகுக்குப் பின்னால் போகிறதென்றால் இன்னும் முன்னால் வையுங்கள். நேராக உங்களை நோக்கி ஓடிவருகிறவனுக்கு இந்தக் கணக்கே வேண்டாம். புதிதாக ஆடுகிறவர்கள் அப்படிப்பட்ட இலக்குகளையே முதலில் எடுக்கட்டும்.

நேராக ஓடிவருகிறவன் என்றதும் அடுத்த தவறு நினைவுக்கு வருகிறது: பதற்றத்தில் ஏற்றுவது. கோடரியோடு ஒருவன் பத்தடியில் இருக்கிறான், வில் காலி. அப்போதும் விரல் ரீலோடு பட்டனுக்கே போகிறது. முடியாது, நேரம் போதாது. வில்லை விட்டுவிட்டு இடுப்பு ஆயுதத்தை எடுங்கள், எடுத்துக்கொண்டே தோழர்கள் இருக்கும் பக்கம் பின்வாங்குங்கள். ஜெயிக்க வேண்டாம், ஒருவர் வந்து சேரும் வரை சாகாமல் இருந்தால் போதும். இதற்காகவே நான் பின்வாங்கும் வழியைப் பார்த்துவிட்டுத்தான் ஓர் இடுக்கில் போய் நிற்பேன். மூன்று பக்கமும் சுவர் உள்ள மூலை பாதுகாப்பாகத் தெரியும். ஒருவன் உள்ளே வந்துவிட்டால் அதுவே பொறி.

கடைசியாக ஒன்று, இது எனக்கு வருத்தமான விஷயமும்கூட. குறுக்குவில் எடுத்தவர்களில் பலர் களத்திலிருந்து வெகு தூரத்தில் ஒரு மேட்டில் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். பட்டியலில் பத்து கொலை இருக்கும். அணியோ இடிமரத்துக்கு ஆள் போதாமல் தோற்றிருக்கும். உங்கள் அணியில் ஒருவர் மேட்டில் இருந்தால் கீழே ஒருவர் குறைவு. அங்கிருந்து எய்யும் ஒவ்வோர் அம்பும் கீழே நடக்கும் வேலைக்குப் பயன்பட வேண்டும். நான் இப்போது இடிமரத்துக்கு இருபது முப்பது தப்படி பின்னால், ஒரு பக்கமாக நிற்கிறேன். தள்ளுகிறவர்களை வெட்ட வருகிறவன் எவனோ அவனே என் இலக்கு. தூரத்து எதிரி வில்லாளி என்னைச் சீண்டினாலும் பார்ப்பதில்லை, அவன் எங்கள் ஆட்களை எய்தால் மட்டுமே திரும்புவேன். தள்ள ஆளே இல்லையென்றால் வில்லை முதுகில் போட்டுக்கொண்டு நானே போய்த் தள்ளுவேன்.

போன சனிக்கிழமை அப்படி ஒரு கதவு. நேரம் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. அத்தை பேரன் தனியாகத் தள்ளிக்கொண்டிருந்தான், அவன் பக்கம் இரண்டு பேர் ஓடிவந்தார்கள். அண்ணன் மகன் முதல் ஆளை விழவைத்தான், அவன் வில் காலி. "சித்தப்பா, இன்னொருத்தன்!" என்று கத்தினான். நான் எய்யாமல் வைத்திருந்தேன். அந்த இரண்டாவது ஆள் வாளை ஓங்கியதும் விட்டேன். கதவு உடைந்தது.