ஏலக்காய்க் கடையிலிருந்தே ஆங்கிலம்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

போடிநாயக்கனூர், கம்பம், கூடலூர் பக்கத்துப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். ஏலக்காய்க் கடையிலோ, குமுளியில் வெளிநாட்டுப் பயணிகள் வந்துபோகும் மசாலாக் கடையிலோ வேலைக்குச் சேர்ந்திருப்பீர்கள். மும்பையிலிருந்தோ துபாயிலிருந்தோ ஆங்கிலத்தில் போன் வந்தால், பேசத் தெரிந்த ஒருவரைத் தேடிப்போய் கையில் கொடுத்துவிடுவீர்கள். அந்தப் போனை நீங்களே பேசி முடிக்க வேண்டும். அதற்கு என்ன செய்யலாம் என்பதுதான் இந்தப் பதிவு.

வண்டன்மேட்டுக்கும் நெடுங்கண்டத்துக்கும் ஜீப் ஏறிப் போகிற நம் ஊர்க்காரர்கள் மலையாளம் எப்படிப் பழகினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். யாரும் எழுத்திலிருந்து தொடங்கவில்லை. "எத்ர கிலோ உண்டு?" (எத்தனை கிலோ இருக்கு?), "நாளெ அயக்காம்" (நாளைக்கு அனுப்புறோம்) என்று வேலைக்கு வேண்டிய வாக்கியங்களை முழுசாகப் பிடித்துக்கொண்டார்கள். ஆங்கிலமும் அப்படித்தான் வரும். தனிச்சொல் பட்டியலை மனப்பாடம் செய்யச் சொன்னால் நான் வேண்டாம் என்பேன். நூறு சொல் தெரிந்தும் ஒரு வாக்கியம் வாயில் வராமல் தவிக்கிறவர்களை நிறையப் பார்க்கலாம்.

முதல் படி: உங்கள் பேச்சை எழுதி வையுங்கள்

ஒரு வாரம் ஆங்கிலத்தைத் தொடவே வேண்டாம். கடையில் நீங்கள் தமிழில் பேசுவதை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள். "சாம்பிள் அனுப்பியாச்சு", "ரேட் இன்னைக்கு ஏறியிருக்கு", "பணம் வந்ததும் லோடு ஏத்திடுறோம்." வாரக் கடைசியில் புரட்டினால் திரும்பத் திரும்ப வருவது ஒரே கொஞ்சம் வாக்கியங்கள்தான் என்று தெரியும். உங்களுக்கான பாடம் அதுதான்.

இரண்டாம் படி: முழு வாக்கியமாக மாற்றுங்கள்

"வீ ஹேவ் சென்ட் தி சாம்பிள்."
"தி ரேட் ஹேஸ் கான் அப் டுடே."
"வீ வில் டிஸ்பாட்ச் தி கூட்ஸ் ஒன்ஸ் வீ ரிசீவ் தி பேமென்ட்."
"ஐ வில் செக் அண்ட் கால் யூ பேக் இன் டென் மினிட்ஸ்."

கடைசி வாக்கியத்தை இன்றைக்கே படித்துக்கொள்ளுங்கள். விசாரித்துவிட்டு பத்து நிமிடத்தில் கூப்பிடுகிறேன் என்று சொல்லத் தெரிந்தாலே பாதி பயம் போய்விடும்.

அப்புறம், ஒரு வாக்கியத்தில் ஒரு சொல்லை மட்டும் மாற்றிப் பாருங்கள். சாம்பிள் இருந்த இடத்தில் இன்வாய்ஸ், லாரி ரெசிப்ட், பேங்க் டீடெய்ல்ஸ் என்று வைத்தால் ஒன்று நாலாகிவிடும். மொழிபெயர்ப்புச் செயலியைப் பயன்படுத்தலாம், தப்பில்லை. ஆனால் நாம் கடையில் பேசுவதுபோல் 'காய்' என்று மட்டும் கொடுத்தால் ஏலக்காயைச் சொல்கிறோம் என்று அதற்கு விளங்காது. முழுப்பெயரைக் கொடுங்கள்.

மூன்றாம் படி: மரியாதையை எங்கே வைப்பது

இங்கேதான் நம் ஆட்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். தமிழில் 'அனுப்பு' என்பதோடு 'ங்க' சேர்த்தால் மரியாதை வந்துவிடும். ஆங்கில வினைச்சொல்லில் அப்படிச் சேர்க்க எதுவும் கிடையாது. "சென்ட் தி பேமென்ட்" என்று நிறுத்தினால் "பணத்தை அனுப்பு" என்று அதட்டியதுபோல் ஆகிவிடும். வாக்கியத்தின் முன்பக்கத்தில்தான் மரியாதை வர வேண்டும். "குட் யூ ப்ளீஸ் சென்ட் தி பேமென்ட் டுடே?" என்று கேளுங்கள். பெயர் கேட்க "மே ஐ நோ யுவர் நேம், ப்ளீஸ்?" தேதியைத் தள்ளிவைக்க "வுட் இட் பி பாசிபிள் டு டிஸ்பாட்ச் ஆன் மண்டே?"

மறுப்பதற்கும் ஒரு முறை உண்டு. உலகச் சந்தையில் நமக்குப் பெரிய போட்டி குவாத்தமாலா. வளைகுடா வியாபாரி அந்த விலையைச் சொல்லிக் குறைக்கச் சொன்னால் "நோ" என்று வெட்டாதீர்கள். "ஐ அண்டர்ஸ்டாண்ட், பட் ஐ அம் அஃப்ரெய்ட் வீ கான்ட் கோ பிலோ திஸ் ரேட்" என்று சொல்லுங்கள். நாம் பயப்படுவதாக அவர் எடுத்துக்கொள்ள மாட்டார், வருத்தத்தோடு மறுக்கிறோம் என்றுதான் புரிந்துகொள்வார். கையோடு காயின் பருமன், நிறம் என்று சரக்கின் தரத்தையும் சொல்லிவிடுங்கள்: "இட் இஸ் எய்ட் எம்எம், குட் கிரீன் கலர், ஃப்ரம் திஸ் வீக்ஸ் ஆக்‌ஷன்." புற்றடியிலும் போடியிலும் ஸ்பைசஸ் போர்டின் (மத்திய அரசின் நறுமணப் பொருள் வாரியம்) மின்ஏலம் நடக்கிறது என்பது வாங்குகிறவர்களுக்குத் தெரியும். அதனால் ஏலத்தைக் குறிக்கும் 'ஆக்‌ஷன்' என்ற அந்தக் கடைசிச் சொல்லுக்கு மதிப்பு அதிகம்.

நான்காம் படி: எண்ணும் எழுத்தும்

இலக்கணப் பிழையால் வியாபாரம் கெடுவது அபூர்வம். எண் பிழைத்தால் பணம் போகும். ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் போனில் ஒன்றுபோலக் கேட்கும். ஃபிஃப்டீனின் கடைசியை நீட்டி அழுத்துங்கள். அதோடு விடாமல் "ஒன் ஃபைவ்" அல்லது "ஃபைவ் ஜீரோ" என்று இலக்கங்களையும் சொல்லுங்கள். லட்சக் கணக்கு டெல்லிக்குப் புரியும், வெளிநாட்டுக்காரருக்குப் புரியாது. 10 லட்சம் என்றால் அவருக்கு ஒன் மில்லியன்.

ஜிஎஸ்டி எண்ணில் இலக்கமும் எழுத்துமாக மொத்தம் 15, வங்கிக் கிளையைக் காட்டும் ஐஎஃப்எஸ்சி குறியீட்டில் 11. அந்தக் குறியீட்டில் ஐந்தாவதாக வருவது எப்போதும் ஜீரோ, 'ஓ' அல்ல. எழுத்துகளில் பெரிய தொல்லை இரண்டு 'பி' (B, P). பாம்பேயின் முதல் எழுத்தும் பாரிஸின் முதல் எழுத்தும் தமிழில் எழுதினால் ஒன்றுதான், போனிலும் பிரித்தறிவது கஷ்டம். அதனால் "பி ஃபார் பாம்பே", "பி ஃபார் பாரிஸ்" என்று ஊர்ப் பெயரோடு சொல்லிப் பழகுங்கள். விமானத் துறையில் 1956 முதல் வழக்கத்தில் இருக்கும் பட்டியலில் இந்த இரண்டுக்கும் பிராவோ, பாப்பா என்று பெயர். அது வெளிநாட்டிலும் செல்லும்.

ஐந்தாம் படி: மெயில்

சின்னதாக எழுதுங்கள். "ப்ளீஸ் ஃபைண்ட் தி இன்வாய்ஸ் அட்டாச்ட். குட் யூ ப்ளீஸ் கன்ஃபார்ம் தி குவான்டிட்டி?" போதும். "டூ தி நீட்ஃபுல்" (ஆவன செய்யுங்கள்) என்பது நம் அலுவலகங்களில் செல்லும், வெளிநாட்டுக்காரர் விழிப்பார். என்ன வேண்டுமோ அதையே கேட்டுவிடுங்கள்.

ஏற்றுமதி மெயிலில் இரண்டு சுருக்கெழுத்துகளைப் பார்த்தால் நிதானியுங்கள். 'எஃப்ஓபி கொச்சி' என்றால் கொச்சியில் கப்பலில் ஏற்றும் வரை செலவு நம்முடையது. 'சிஐஎஃப் ஜெபல் அலி' என்றால் துபாயின் ஜெபல் அலி துறைமுகம் வரை கப்பல் கட்டணமும் இன்சூரன்ஸும் நம் தலையில். சர்வதேச வர்த்தக சபை 1936-ல் வகுத்து, கடைசியாக 2020-ல் புதுப்பித்த விதிகள் இவை. விலை சொல்லும் முன் எது என்று முதலாளியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பழகும் முறை

பத்து வாக்கியத்தை எடுத்து, மறுநாள், மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து என்று சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். போனில் பதிவு செய்து கேளுங்கள்.

முதல் அழைப்பு வரும்போது புரியவில்லை என்றால் "சாரி, குட் யூ ப்ளீஸ் சே தட் அகெய்ன்?" என்று எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம். பேசி முடித்த கையோடு வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிடுங்கள்: "ஆஸ் டிஸ்கஸ்ட், 200 கேஜி, 8 எம்எம், டிஸ்பாட்ச் ஆன் மண்டே. ப்ளீஸ் கன்ஃபார்ம்." காதில் தப்பாக விழுந்தது ஏதாவது இருந்தால், லாரி கிளம்பும் முன்பே அவர் திருத்திவிடுவார்.