மியோக்குக்: பிள்ளை பெற்றவளுக்குக் கொரியாவில் வைக்கும் பாசி சூப்

பூசானில் எனக்கு மகள் பிறந்தபோது, கீழ்வீட்டுப் பாட்டி மூன்று வேளையும் ஒரே சூப்பைக் கொண்டுவந்து நீட்டினார். கரும்பச்சையாக, வழுவழுவென்று, கடல் வாடையோடு. நம் பக்கம் பூண்டுக் குழம்பு எப்படியோ, அவர்களுக்கு மியோக்குக் அப்படி. மியோக் என்பது பழுப்புப் பாசி; ஜப்பானில் வகாமே. நோன்புக்கு நாம் காய்ச்சும் கடற்பாசி வேறு, அது சிவப்புப் பாசியிலிருந்து வருவது.

காய்ந்த மியோக் பார்வைக்கு ஒரு கைப்பிடிச் சருகு. இரண்டு பேருக்கென்று 50 கிராம் பாக்கெட்டை முழுசாக ஊறப்போட்டேன். இருபது நிமிடத்தில் பாத்திரம் கொள்ளவில்லை, சிங்க்கெல்லாம் பாசி. ஏறக்குறைய பத்து மடங்கு உப்பும். நாலு பேருக்கு 20 கிராம் தாராளம். வயிற்றுக்குள்ளும் அப்படித்தான் உப்பும் என்பதால் காய்ந்ததை அப்படியே மெல்லாதீர்கள்.

பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, அரிசி களைவதுபோல் இரண்டு மூன்று தடவை கசக்கி அலசிப் பிழியுங்கள். உப்பும் வாடையும் குறையும். கத்தரிக்கோலால் விரல் நீளத்துக்கு நறுக்குங்கள். பெரும்பாலும் மாட்டிறைச்சி போடுவார்கள். நான் மட்டி போடுவேன். கால் கிலோ மட்டியைத் தனியே வேகவைத்து, வாய் திறந்ததும் சதையை எடுத்துவிட்டு, அடியில் மணல் தங்கவிட்டுத் தண்ணீரை வடித்துக்கொள்ள வேண்டும். அப்புறம் வறுத்த எள்ளில் ஆட்டிய எண்ணெய் ஒரு கரண்டி விட்டு, மியோக்கை ஐந்து நிமிடம் வதக்குங்கள். நம் நல்லெண்ணெயில் அந்த வாசம் வராது. மட்டித் தண்ணீரோடு சேர்த்து ஒன்றரை லிட்டர் ஊற்றி, சிறுதீயில் அரைமணி நேரம். தட்டிய பூண்டு, சோயா சாஸ் இரண்டு கரண்டி, கடைசியில் மட்டிச் சதை. முன்பே போட்டால் ரப்பராகிவிடும்.

மார்க்கெட்டில் குளிர்காலத்தில் பச்சை மியோக் கிடைத்தால் வெந்நீரில் முக்கிப் பாருங்கள். பழுப்பு சட்டென்று இலைப்பச்சையாக மாறும். பழுப்பு நிறமிக்கு அடியில் மறைந்திருந்த பச்சையம் சூட்டில் தெரியவருகிறது, அவ்வளவுதான்.

சரி, உடம்புக்கு என்ன? ரத்தம் சுத்தமாகும் என்று பாட்டி சொல்வார்; அதை நான் அவருடைய நம்பிக்கையாகவே விட்டுவிட்டேன். நான் கண்ட பலன், பிரசவத்துக்குப் பின் மலச்சிக்கல் விட்டது. அந்த வழுவழுப்பு ஆல்ஜினேட் என்ற நார்ச்சத்து. நெஞ்செரிச்சலுக்குத் தரும் சில சிரப்புகளிலும் அதுவே இருக்கிறது. இரைப்பையில் கூழாகி மேலே மிதந்து, அமிலம் தொண்டைக்கு ஏறாமல் தடுக்கும்.

அயோடின்தான் இதில் வரமும் வம்பும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் போதும், பாலூட்டுபவருக்கு 250. ஒரு கிண்ணம் சூப்பிலேயே 150 தாண்டிவிடும். மிஞ்சினால் தாய்ப்பால் வழியே போய்க் குழந்தையின் தைராய்டை மந்தப்படுத்தலாம். அதனால் மூன்று வேளையை வாரம் இரண்டு கிண்ணமாகக் குறைத்தேன், பாட்டிக்கு வருத்தம்தான். தைராய்டு தொந்தரவு உள்ளவர்களும், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடவேண்டாம். தாஷிமா என்ற தடித்த பாசியில் அயோடின் இன்னும் பல மடங்கு. சூப்பின் ருசிக்காக அதையும் போடச் சொல்வார்கள், பாலூட்டும்வரை நான் போடவில்லை.

மிஞ்சிய சூப் மறுநாள் இன்னும் ருசி. சுடவைக்கும்போது கொஞ்சம் தண்ணீர் சேருங்கள், உப்பு ஏறியிருக்கும்.