‘இலெவன்த் அவர்’: சிங்கப்பூரில் பதினோராம் மணி எத்தனை மணிக்கு?

‘அட் தி இலெவன்த் அவர்’ (at the eleventh hour) என்ற ஆங்கிலத் தொடருக்கு, கெடு முடியச் சற்று முன்பு, கடைசி நேரத்தில் என்று பொருள். இதை இரவு பதினொன்று என்று நினைக்கும் பிள்ளைகள் நிறைய. நள்ளிரவுக்கு ஒரு மணி நேரம்தானே பாக்கி என்று காரணமும் சொல்வார்கள். பொருள் ஓரளவு வந்துவிடும், ஆனால் மனத்தில் பதியும் காட்சி தவறு. அதனால்தான் கட்டுரையில் தொடரை இடம் மாற்றிப் போட்டுவிடுகிறார்கள்.

இது பகலைப் பன்னிரண்டாகப் பிரித்து, சூரிய உதயத்திலிருந்து எண்ணிய மணி. மத்தேயு நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தில், திராட்சைத் தோட்டக்காரர் விடியற்காலையிலேயே கூலியாட்களை அமர்த்துகிறார். மூன்றாம், ஆறாம், ஒன்பதாம் மணி வேளைகளில் இன்னும் சிலர். பதினோராம் மணியிலும் சும்மா நின்றவர்களை வேலைக்கு அனுப்புகிறார். பொழுது சாய்ந்ததும் எல்லாருக்கும் ஒரே கூலி! பிந்தி வந்தவர்கள் ஒரு மணி நேரம்தானே உழைத்தார்கள் என்று முந்தி வந்தவர்கள் முறுமுறுக்கிறார்கள். 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளிலும் ‘இலெவன்த் அவர்’ என்றே இருக்கிறது. முதல் உலகப் போர் 1918 நவம்பர் 11, காலை 11 மணிக்கு ஓய்ந்ததால் வந்த தொடர் என்பது சரியல்ல. அதற்கு வெகுகாலம் முன்பே அது வழக்கில் இருந்தது.

பிள்ளைக்குப் புரியவைக்க, நம் ஊர்ப் பகலையே கணக்குப் போடச் சொல்லுங்கள். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் இங்கே ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழ 12 மணி நேரம். 1982இல் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளியதிலிருந்து, சூரியன் சுமார் 7 மணிக்கு உதித்து, மாலை 7 மணிவாக்கில் மறைகிறது. ஏழோடு பதினொன்றைக் கூட்டினால் மாலை 6. வெளிச்சம் இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும். தாத்தா பாட்டி வீட்டில் இருந்தால் நாழிகையிலும் சொல்லிப் பார்க்கலாம்: 24 நிமிடம் ஒரு நாழிகை, ஆக உதயத்திலிருந்து இருபத்தேழரை.

அந்த மிச்ச வெளிச்சம்தான் முக்கியம். காரியம் கைநழுவும் தறுவாயில், ஆனால் கெடு முடிவதற்குள் நடந்திருக்க வேண்டும். வேலைநிறுத்தத்துக்குச் சற்று முன்பு ஒப்பந்தம் கையெழுத்தானால் இந்தத் தொடர் பொருந்தும். பேருந்து போன பிறகு ஓடிவந்தவருக்குப் பொருந்தாது. வீட்டுப்பாடத்தை வழக்கம்போல் இரவில் அவசரமாக முடிப்பதற்கு ‘லாஸ்ட் மினிட்’ போதும்.

எழுதும்போது முன்னால் ‘அட்’ (at) வர வேண்டும், ‘ஆன்’ (on) வராது. ‘தி’யையும் (the) விடக்கூடாது, பிள்ளைகள் அதிகம் தவறவிடுவது அதைத்தான். ‘அன் இலெவன்த்-அவர் டீல்’ (an eleventh-hour deal) என்று பெயருக்கு முன் அடைமொழியாக வந்தால் இரு சொல்லுக்கும் நடுவே சிறு கோடு. பிஎஸ்எல்இ எனும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் ஆங்கிலக் கட்டுரைக்குக் குறைந்தது 150 சொற்கள். அந்த அளவுக்குள் இதை ஒரு முறை, உதவி வந்து சேரும் இடத்தில் மட்டும் எழுதச் சொல்லுங்கள்.