செட்டிநாட்டில் இருந்தபடியே எழுத்தைத் தொழிலாக்கிக்கொள்வது எப்படி?

ஃப்ரீலான்ஸ் எழுத்தில், அதாவது எந்த நிறுவனத்திலும் வேலைக்குச் சேராமல் கூலிக்கு எழுதித் தருவதில், இறங்க விரும்பும் இளைஞர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த இணையதளத்தில் பதிவு செய்துகொள்வது என்பதைத்தான். எந்தத் தொழிலைப் பற்றி எழுதப் போகிறீர்கள் என்பதுதான் அதற்கு முன்னால் முடிவாக வேண்டிய கேள்வி. காரைக்குடியில் குடியிருப்பவருக்கு இதில் பெரிய வசதி உண்டு. ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைகள், 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கிச் சேலையின் தறிகள், பனையோலைக் கொட்டான் பின்னும் பெண்கள், தங்கும் விடுதிகளாகிவிட்ட கானாடுகாத்தான் வீடுகள், முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகள், தேன்குழலும் அதிரசமும் வெளியூருக்கு அனுப்பும் பலகாரக் கடைகள் என எல்லாமே பேருந்தில் போய்ப் பார்த்துவிட்டுச் சாப்பாட்டு நேரத்துக்குள் திரும்பிவிடக்கூடிய தூரத்தில் இருக்கின்றன. இவற்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, முதல் ஆறு மாதங்களுக்கு அதிலேயே நில்லுங்கள்.

டைல்ஸை எடுத்துக்கொள்வோம். பட்டறையில் ஒரு நாள் முழுவதும் உட்கார்ந்து பாருங்கள். கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சைப் பொருத்தி, வண்ணம் கலந்த சிமெண்டுக் குழம்பை அச்சின் ஒவ்வொரு கட்டத்திலும் சிறு கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சை மேலே தூக்கியதும் வண்ணங்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும். அதன் மேல் மணலும் சிமெண்டும் கலந்த உலர்ந்த தூளைத் தூவி, பிறகு ஈரக் கலவையை நிரப்பி மட்டப்படுத்துவார்கள். இந்தக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை, தண்ணீரில் ஊறப்போட்டு உலர்த்துகிறார்கள். மேற்பரப்பின் பளபளப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வந்தது. ‘பாரம்பரிய அழகு மிளிரும் கைவினைத் தரை’ என்று எழுதுகிறவருக்கு இதெல்லாம் தேவைப்படாது. அப்படி எழுதப்பட்ட பக்கத்தைப் படித்துவிட்டு யாரும் வாங்குவதும் இல்லை.

அன்று பட்டறை உரிமையாளருக்கு வரும் தொலைபேசி அழைப்புகளையும் கவனியுங்கள். குளியலறையில் பதிக்கலாமா, ஆசிட் ஊற்றிக் கழுவலாமா, உடைசலுக்காக எத்தனை கல் கூடுதலாக வாங்க வேண்டும், அடுத்த தடவை வாங்கினால் இதே நிறம் கிடைக்குமா என்று சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கேட்பார்கள். கேட்பவர் சொன்ன வார்த்தைகளிலேயே அவற்றை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கேள்விகளுக்கு விடை சொல்லும் கட்டுரைகள்தான் கன்டென்ட் மார்க்கெட்டிங்; வாங்கு என்று சொல்வது விளம்பரத்தின் வேலை, வாங்குவதற்கு முன் எழும் ஐயத்தைத் தீர்ப்பது நம் வேலை. சிமெண்டை அமிலம் அரிக்கும் என்பதால் ஆசிட் கூடாது என்று காரணத்தோடு சொல்லும் பத்தி, வாங்குபவரின் தரையையும் காப்பாற்றும், விற்பவரின் பெயரையும் காப்பாற்றும். இப்படி மூன்று மாதிரிக் கட்டுரைகளை எழுதி, பட்டறை உரிமையாளரிடம் நேரில் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

கூலியை, ஒரு சொல்லுக்கு இத்தனை பைசா என்ற கணக்கில் ஒப்புக்கொள்ளாதீர்கள். மாதம் 30,000 ரூபாய் தேவை, 20 நாள் வேலை செய்ய முடியும், அதில் 5 நாள் வேலை தேடுவதிலும் கணக்கு எழுதுவதிலும் போய்விடும் என்றால், மீதி 15 நாளுக்கு நாள் ஒன்றுக்கு 2,000 ரூபாய் வர வேண்டும். பட்டறைக்குப் போய்வர அரை நாள், எழுத ஒரு நாள், திருத்த அரை நாள் ஆகும் கட்டுரைக்கு 4,000 ரூபாய் கேளுங்கள். பாதியை முன்பணமாக வாங்குங்கள்.

என் முதல் ஆண்டில் ஒரு விடுதிக்காகப் பன்னிரண்டு பக்கங்கள் எழுதிக் கொடுத்தேன். எல்லாமே வாய்ப்பேச்சில் முடிந்தது. பணம் கடைசி வரை வரவில்லை, என் எழுத்து மட்டும் அவர்களுடைய தளத்தில் நெடுநாள் இருந்தது. அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை, ஆகவே வற்புறுத்திச் சொல்கிறேன்: எத்தனை கட்டுரை, எத்தனை திருத்தம், எந்தத் தேதியில் பணம் என்பதை ஒரு பக்கத்திலாவது எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பதிப்புரிமை யாருக்கு என்பதையும் அதில் சேர்த்துவிடுங்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, உரிமையை மாற்றித் தருவது எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் அது 5 ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும். நிறுவனங்கள் கட்டணத்தில் வரி பிடித்துக் கொடுத்தால், அந்தத் தொகையைக் குறித்துவைத்து, வருமான வரிக் கணக்கில் மறக்காமல் காட்டுங்கள். கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்ய, போன ஊர்களிலெல்லாம் பற்றுவரவை அன்றன்றே பேரேட்டில் ஏற்றியவர்களின் மண் இது. வரவு செலவு எழுதச் சொல்லித்தர இங்கே பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள், கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.

கட்டுரைகள் வெளியாகி ஆறு மாதம் ஆனதும் அதே பட்டறைக்குத் திரும்பப் போய், பழைய நோட்டை விரித்து, இவற்றில் எந்தக் கேள்விகள் இப்போது தொலைபேசியில் வருவதில்லை என்று உரிமையாளரிடம் கேளுங்கள். அவர் சொல்வதை அவர் கையாலேயே இரண்டு வரி எழுதி வாங்கிக்கொண்டு, அடுத்த பட்டறையின் படியேறுங்கள்.