சண்டைக் காட்சியில் தெரிந்த படிக்கட்டு

அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு காதல் நகைச்சுவைப் படத்தின் மேல் எனக்குப் பைத்தியம். பெரிய படமென்றால் எங்கெங்கே எடுத்தார்கள் என்று யாராவது பட்டியல் போட்டிருப்பார்கள். இந்த மாதிரிப் படத்துக்கு நாமேதான் தேட வேண்டும்.

முதலில் படத்தின் கடைசிக்குப் போங்கள். எழுத்து ஓட ஆரம்பித்ததும் எழுந்துவிடுகிறோம்; நன்றிப் பட்டியல் அங்கேதான் இருக்கும். அதில் ஒரு நூலகமோ விடுதியோ சிக்கினால் ஊர் தெரிந்துவிடும். திரைப்படத் தகவல்களைத் திரட்டும் ஐஎம்டிபி தளத்திலும் படப்பிடிப்பு இடங்களுக்கு ஒரு பகுதி உண்டு. அதில் தகவல் சேர்ப்பவர்கள் பெரும்பாலும் நம்மைப் போன்ற ரசிகர்கள்தான், அதனால் சரிபார்க்காமல் கிளம்பிவிடாதீர்கள்.

அப்புறம் காதலர்கள் சண்டை போடும் காட்சிக்கு வாருங்கள். கொஞ்சல் காட்சிகளில் கேமரா இரண்டு முகங்களை விட்டு நகராது. பின்னால் எல்லாம் மங்கலாகக் கிடக்கும். நாயகி கோபித்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்து போகும்போதுதான் தெரு முழுசாகத் தெரியும். கணினியில் படம் பார்க்க உதவும் விஎல்சி பிளேயரில் ஆங்கில ‘ஈ’ விசையைத் தட்டினால் ஒவ்வொரு ஃபிரேமாக நகரும். என் படத்தில் அந்த நடை 11 நொடிதான். அதில் ஒரு படிக்கட்டு. அதன் இரும்புக் கைப்பிடி நடுவில், வண்டி இடித்ததுபோல, உள்ளே வளைந்திருந்தது.

பெயர்ப்பலகையை மட்டும் நம்பாதீர்கள். கலை இயக்குநரின் ஆட்கள் சுலபமாக மாற்றிவிடக்கூடியது அதுதான். இல்லாத ஒரு பூக்கடையை நான் இரண்டு வாரம் தேடியிருக்கிறேன். மாடி ஜன்னல் எத்தனை, கூரை விளிம்பு எப்படி, தெரு எந்தப் பக்கம் சரிகிறது என்று பாருங்கள்.

வீடு என்றால் கதவின் கைப்பிடியைக் கவனியுங்கள். வெளியே நின்று பார்க்கும்போது கைப்பிடி வலது பக்கம் இருந்தால், உள்ளே இருந்து பார்க்கும்போது இடது பக்கம் இருக்க வேண்டும். என் படத்தில் இரண்டு பக்கமும் வலதுதான்! வெளிப்புறம் ஓரிடம், உட்புறம் வேறோர் இடம் அல்லது செட். அந்த வரவேற்பறையைத் தேடும் வேலை அன்றோடு மிச்சம்.

ஊர் தெரிந்ததும், தெருக்களைப் படமாகக் காட்டும் கூகுள் ஸ்ட்ரீட் வியூ. பழைய தேதிப் படங்களையும் பார்க்கும் வசதி அதில் 2014-இல் வந்தது. படப்பிடிப்பு நடந்த ஆண்டை ஒட்டிய தேதியைத் தேர்ந்தெடுங்கள். ஸ்ட்ரீட் வியூ தொடங்கியதே 2007-இல்தான். அதற்கு முந்தைய படமென்றால் பழைய போஸ்ட்கார்டுகளும் உள்ளூர்ச் செய்தித்தாள்களும்தான் துணை.

நேரில் போய் நின்றால் ஏமாற்றமாக இருக்கலாம். படத்தில் தலைக்கு மேலேயே நின்ற கோபுரம் எங்கோ தூரத்தில் குட்டியாகத் தெரியும். இது, தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் இழுத்துக் காட்டும் டெலிஃபோட்டோ லென்ஸின் வேலை. நன்றாகப் பின்னால் போய் ஃபோனில் ஜூம் செய்யுங்கள், கோபுரம் பெரிதாகிப் பக்கத்தில் வந்துவிடும். ஆள் குடியிருக்கும் வீடென்றால் தெருவில் நின்றே படமெடுத்துவிட்டுக் கிளம்புங்கள், அழைப்பு மணியை அழுத்த வேண்டாம்.

அந்தப் படிக்கட்டு கடைசியில் கிடைத்தது. கைப்பிடிக்குப் புதுப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள், வளைவு அப்படியே இருக்கிறது. படத்தில் அதில் ஏறினால் அவள் வீடு வரும். நான் ஏறிப் பார்த்தேன்: பூட்டிய கேட், உள்ளே ஒரு ஜெனரேட்டர்.