அணுகுண்டுச் சோதனை அருங்காட்சியகம்: போகிறவர்கள் செய்யும் தவறுகள்

லாஸ் வேகாஸ் போகிறவர்களில் பலர், சூதாட்ட விடுதிகளுக்கு நடுவே ஒரு மணி நேரம் கிடைத்தால் தேசிய அணுச் சோதனை அருங்காட்சியகத்தையும் எட்டிப் பார்த்துவிடலாம் என்று கிளம்புகிறார்கள். அதுதான் முதல் தவறு. ஒரு மணி நேரத்தில் காளான் மேகப் படங்களைத் தாண்ட முடியாது. அரை நாளை ஒதுக்கிவிடுங்கள்.

குண்டு வெடித்த இடமே இதுதான் என்று நினைத்து வருகிறவர்களும் உண்டு. நெவாடா சோதனைத் தளம் இங்கிருந்து வடமேற்கே சுமார் 105 கிலோமீட்டர். அதைச் சுற்றிப் பார்ப்பது தனி ஏற்பாடு. வெகு முன்னாலேயே பதிவு செய்ய வேண்டும், கைபேசியும் கேமராவும் கொண்டுபோகக் கூடாது. 1945இல் நடந்த முதல் சோதனையான ட்ரினிட்டிக்கும் இந்தத் தளத்துக்கும் தொடர்பில்லை, அது நியூ மெக்சிகோவில்.

உள்ளே ஒரு சிறு திரையரங்கம் இருக்கிறது. வெடிப்பு நடக்கும்போது இருக்கை அதிரும், காற்று முகத்தில் அடிக்கும். சிரித்துக்கொண்டே வெளியே வந்து, எல்லாம் பார்த்தாயிற்று என்று சிலர் கிளம்பிவிடுகிறார்கள். ஆனால் அது தூரத்தில் பத்திரமாக உட்கார்ந்து பார்த்தவர்களின் அனுபவம். கிட்டத்தில் என்ன ஆனது என்பதை 1953 மார்ச்சில் நடந்த 'ஆனி' சோதனையின் படங்களில் பாருங்கள். குண்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில் ஒரு மாடி வீடு. முதலில் வெளிச்சம் பட்டுச் சுவரின் பெயின்ட் புகைகிறது. அப்புறம் அதிர்வலை வந்து சேர்கிறது. இரண்டரை வினாடிக்குள் வீடே இல்லை. இந்தச் சோதனை வீடுகளுக்குள் உடுப்பு மாட்டிய துணிக்கடைப் பொம்மைகளைக் குடும்பம்போல உட்கார வைத்திருந்தார்கள்.

நிலத்தடிச் சோதனைப் பகுதியை வேகமாகக் கடந்துவிடாதீர்கள். பார்க்கக் குழாயும் கேபிளுமாக இருக்கும், சரி. ஆனால் 1951 முதல் 1992 வரை நெவாடா தளத்தில் நடந்த 928 சோதனைகளில் 828 நிலத்துக்கு அடியில்தான் நடந்தன. குண்டோடு குழிக்குள் இறக்கும் பெரிய உருளை ஒன்றும் இங்கே இருக்கிறது. அதற்குள் இருக்கும் அளவீட்டுக் கருவிகள், தாங்கள் ஆவியாவதற்கு முந்தைய இமைப்பொழுதில் தகவல்களைக் கேபிள் வழியே மேலே அனுப்பிவிட வேண்டும். எனக்கு இங்கே மிகவும் பிடித்த பொருள் அந்த உருளைதான்.

கடைசியாக ஒன்று. இந்த அருங்காட்சியகம் பெரும்பாலும் சோதனை நடத்தியவர்கள் பக்கம் நின்று பேசுகிறது. அதை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். லாஸ் வேகாஸ் பக்கம் காற்று வீசினால் வெடிப்பைத் தள்ளிப்போட்டார்கள். கிழக்கே யூட்டா பக்கம் வீசினால் நடத்தினார்கள். அங்கே செயின்ட் ஜார்ஜ் போன்ற ஊர்களில் கதிரியக்கத் தூசி புல்லில் படிந்தது. அதிலிருந்த அயோடின்-131 என்ற கதிரியக்கப் பொருள் மாட்டுப்பால் வழியே குழந்தைகளின் தைராய்டுக்குப் போனது. அந்த ஊர்களில் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தரும் சட்டம் வந்தது 1990இல். போவதற்கு முன்பே அந்த ஊர்களைப் பற்றிக் கொஞ்சம் படித்துக்கொண்டு போங்கள்.